பாங்காக்கில் ஒரே ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து வியட்நாமுக்கோ பாலிக்கோ போகிறவர்கள் வழியில் பாங்காக்கில் ஒரு நாள் தங்கிப்போவது இப்போது சகஜமாகிவிட்டது. நான் நான்கு தடவை போய்வந்தவன் என்பதால் பயணத்துக்கு முந்தைய வாரம் யாராவது ஒருவர் போன் செய்துவிடுவார். கேள்விகள் ஏறக்குறைய அதேதான். ஒரு தடவை எழுதிவைத்துவிட்டால் சுட்டியை அனுப்பிவிடலாமே என்றுதான் இது. கட்டணமெல்லாம் நான் கடைசியாகப் பார்த்த நிலவரம். கொஞ்சம் கூடியிருக்கலாம், குறைந்திருக்க வாய்ப்பில்லை.

ஒரு நாளில் பாங்காக்கைப் பார்த்துவிட முடியுமா?

முடியாது. பழைய நகரத்தைப் பார்க்கலாம். 1782-இல் முதலாம் ராமா தலைநகரை சாவோ ப்ராயா ஆற்றின் கிழக்குக் கரைக்கு மாற்றியபோது உருவான பகுதி அது. அரண்மனை, வாட் போ, வாட் சுதாட், பெரிய ஊஞ்சல் எல்லாம் நடக்கக்கூடிய தூரத்துக்குள். எதிர்க்கரையில் வாட் அருண். ('வாட்' என்றால் புத்த விகாரை.) ஷாப்பிங் மால், சஃபாரி பூங்கா, மிதக்கும் சந்தை என்று பட்டியல் போட்டு வருகிறவர்கள் நாளில் பாதியை டாக்சியில் உட்கார்ந்தே கழிக்கிறார்கள். தம்னோன் சாதுவாக் மிதக்கும் சந்தை ஊரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அதற்குத் தனி நாள் வேண்டும். என் ஒரே ஆலோசனை, ஆற்றை விட்டு அதிகம் விலகாதீர்கள்.

எந்த மாதம் நல்லது?

நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை. மார்ச், ஏப்ரல், மே மூன்றும் நம் கத்திரி வெயில் மாதிரிதான், கூடவே புழுக்கம். மேயில் தொடங்கும் மழை அக்டோபர் வரை நீளும். ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான். நம் சித்திரைப் பிறப்பும் அதுவும் ஒரே கணக்கிலிருந்து வந்தவை: சூரியன் மேஷத்துக்குள் நுழையும் சங்கராந்தி. அந்த மூன்று நாளும் தெருவில் நடந்தால் மேலே தண்ணீர் ஊற்றுவார்கள். நனையத் தயாராக இருந்தால் போங்கள், போனை மட்டும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் முதலில் எங்கே?

அரண்மனை. 8.30-க்குத் திறக்கிறார்கள், நீங்கள் 8.15-க்கே வாசலில் நிற்க வேண்டும். 10 மணிக்குமேல் சுற்றுலாப் பேருந்துகள் வந்து இறக்கிவிடும் கூட்டத்தில் எமரால்டு புத்தரின் சன்னதிப் படியேறவே அரை மணி நேரம் போய்விடும். நுழைவுச்சீட்டு 500 பாட். ஒரு பாட் நம் பணத்தில் இரண்டரையிலிருந்து மூன்று ரூபாய்க்குள் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். மாலை 3.30-க்கு நுழைவை மூடிவிடுவார்கள் என்பதால் 'மதியம் சாவகாசமாகப் போகலாம்' என்பது நடக்காது.

அங்கே உடை விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பாமே?

ஆமாம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஆண்களுக்கும்தான். அரைக்கால் சட்டையில் வந்தவர்களை வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். எதிர்ப்பக்கக் கடைகளில் யானைப் படம் போட்ட தொளதொள கால்சட்டை விற்கிறார்கள், அவசரத்துக்கு அதை வாங்கி மாட்டிக்கொள்ளலாம். சுடிதார், புடவை, முழுக்கால் சட்டை எதற்கும் பிரச்சினையில்லை. அம்மா பருத்திப் புடவையில்தான் நாள் முழுக்கச் சுற்றினார். ஜீன்ஸ் போட்டிருந்த எனக்குத்தான் வேர்த்துக்கொட்டியது. சன்னதிக்குள் செருப்பைக் கழற்ற வேண்டும், எனவே லேஸ் கட்டும் ஷூ வேண்டாம்.

அரண்மனைக்குள் எதைத் தவறவிடக் கூடாது?

எல்லோரும் எமரால்டு புத்தரைத்தான் சொல்வார்கள். பார்க்கத்தான் வேண்டும். 66 சென்டிமீட்டர் உயரம்தான், உயரத்தில் வைத்திருப்பதால் இன்னும் சின்னதாகத் தெரியும். பெயரில் மரகதம் இருந்தாலும் அது மரகதக் கல் இல்லை, பச்சை நிற வேறு கல். வெயில், மழை, குளிர் என மூன்று பருவத்துக்கு மூன்று பொன்னாடை. மாற்றும் சடங்கை அரசரே செய்வது மரபு. 1779-இல் வியன்டியானைப் பிடித்தபோது அங்கிருந்து எடுத்துவந்த சிலை. லாவோஸ்காரர்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால் அவர்கள் கதை வேறாக இருக்கும்.

ஆனால் நீங்கள் நேரம் செலவழிக்க வேண்டிய இடம் அதைச் சுற்றியிருக்கும் பிரகாரம். சுவர் நெடுக 178 பகுதிகளில் ராமகியன் ஓவியம். ராமகீர்த்தி என்பதன் தாய்லாந்து உச்சரிப்பு அது. கதை நமக்குத் தெரிந்ததுதான், ஆனால் அங்கங்கே தூக்கிவாரிப் போடும். ராவணனுக்கு அங்கே பெயர் தொட்சகான், அதாவது தசகண்டன். உடம்பு பச்சை நிறம். அனுமன் பிரம்மச்சாரி இல்லை, நன்றாகவே காதலிப்பவர்! சேது கட்டும்போது போட்ட கல்லையெல்லாம் யாரோ கடலுக்கடியில் களவாடுகிறார்களே என்று அனுமன் குதித்துப் பார்க்க, அங்கே தொட்சகானின் மகள் சுபன் மச்சா. பாதி பெண், பாதி மீன். சுவர்ண மச்சம் என்று பிரித்தால் பெயர் புரிந்துவிடும். வந்த வேலையை மறந்து இருவரும் காதலில் விழுகிறார்கள், பிள்ளையும் பிறக்கிறது. இதை நான் சித்திக்கு விளக்கியபோது, "அபச்சாரம்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அப்புறம் என்ன ஆச்சு?" என்றார்.

பிரகாரத்தை வலமாகச் சுற்றுங்கள், கதை அந்த வரிசையில்தான் போகிறது. இன்னொன்று: அரண்மனைச் சீட்டோடு சாலா சலெர்ம்குருங் அரங்கில் நடக்கும் கோன் முகமூடி நாடகத்தின் சிறு காட்சியும் சேர்ந்தே கிடைத்துவந்தது. பலர் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள். சீட்டு வாங்கும்போதே அன்றைக்கு உண்டா, எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசலில் ஒருவர் "இன்று அரண்மனை மூடல்" என்றால்?

திரும்பிப் பார்க்காமல் நடங்கள். நன்றாக உடுத்தியிருப்பார், நல்ல ஆங்கிலம் பேசுவார், எந்த ஊர் என்று விசாரிப்பார். இன்று பூஜை, மதியம் ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள், அதுவரை வேறு நாலு கோயிலைப் பாருங்கள், டுக்டுக்குக்கு 20 பாட் கொடுத்தால் போதும் என்பார். அந்த டுக்டுக் போய்ச் சேரும் இடம் நவரத்தினக் கடையோ தையல் கடையோதான். என் முதல் பயணத்தில் நானும் ஏறினேன். இரண்டு மணி நேரமும், மனைவிக்கு வாங்கிய 'நீலக்கல்' ஒன்றுக்குக் கொடுத்த பணமும் போயின. தி.நகர் ஆசாரி அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததோடு சரி.

அரச குடும்பச் சடங்குகளுக்காக உண்மையாகவே மூடும் நாட்களும் உண்டு. அரண்மனையின் இணையதளத்தில் முன்கூட்டியே போடுகிறார்கள். முந்தின நாள் பார்த்துவிட்டால் வாசலில் யார் பேச்சையும் கேட்க வேண்டியதில்லை.

வாட் போவுக்கு எவ்வளவு நேரம்?

ஒன்றரை மணி நேரம். அரண்மனைக்குத் தென்புறம், 15 நிமிட நடை. சீட்டு 300 பாட். பள்ளிகொண்ட புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். முகத்தைப் படமெடுத்துவிட்டு ஓடிவிடாதீர்கள், பாதத்துக்குப் போங்கள். உள்ளங்கால்களில் முத்துச்சிப்பி இழைத்து 108 மங்கலச் சின்னங்கள். சிலைக்குப் பின்புறம் வரிசையாக வெண்கலக் கிண்ணங்கள். சில்லறை வாங்கி ஒவ்வொன்றிலும் ஒரு காசாகப் போட்டுக்கொண்டே போகலாம். அந்தக் 'டிங் டிங்' சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

மருத்துவமும் மசாஜும் கல்லில் எழுதிவைத்துச் சொல்லிக்கொடுத்த இடம் இது. அந்தக் கல்வெட்டுகள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இருக்கின்றன. வளாகத்துக்குள்ளேயே மசாஜ் கூடம் உண்டு. உங்கள் முதுகெலும்பின் மேல் ஒருவர் முழங்காலை ஊன்றுவதில் உங்களுக்குச் சம்மதம் என்றால் போகலாம். வெளியே வரும்போது நடையே மாறியிருக்கும்.

மதியம் 12-லிருந்து 3 வரை வெயிலில் என்ன செய்வது?

வெளியே இருக்காதீர்கள், அவ்வளவுதான். சாப்பாடு, மசாஜ், கோன் நாடகம், ஏசி ரயில். தெருவுக்குத் தெரு இருக்கும் செவன்-லெவன் கடைகளில் தண்ணீரும் உப்புச்சர்க்கரைப் பொட்டலமும் கிடைக்கும். தலைசுற்றல் வந்தபிறகு தேடாமல் காலையிலேயே வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழிப் பாட்டு பாடும் கோயில் ஒன்று அங்கே இருக்கிறதாமே, உண்மையா?

உண்மை. இதற்காகவே மதியத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்கிறேன்.

வாட் போ பக்கத்து சனாம் சாய் நிலையத்தில் நீலப் பாதை எம்.ஆர்.டி. ரயிலேறினால் அடுத்த நிலையம் சாம் யோட். அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் நடுச்சாலையில் சிவப்பு வண்ணத்தில் இரண்டு தேக்குத் தூண்கள், சுமார் 21 மீட்டர் உயரத்துக்கு நிற்கும். மேலே ஒரு குறுக்குச் சட்டம். அதுதான் பெரிய ஊஞ்சல், அவர்கள் மொழியில் சாவ் சிங் சா. முதலில் நிறுவியது 1784-இல். இப்போது நிற்பது 2007-இல் புதிதாகச் செய்து வைத்தது.

ஊஞ்சல் பலகை இல்லையே என்று தேடாதீர்கள், 1930-களிலேயே ஆடுவதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன் ஆண்டுதோறும் ஆட்கள் குழுவாக ஏறி, வானளாவ ஆடி, எதிரே மூங்கில் கம்பத்தின் உச்சியில் கட்டிய காசுப் பையைப் பல்லால் கவ்வ வேண்டும். தவறி விழுந்து செத்தவர்களும் உண்டு.

அந்த விழாவின் பெயர்தான் விஷயம். த்ரியம்பாவாய், த்ரிபாவாய். சத்தமாகச் சொல்லிப்பாருங்கள். திருவெம்பாவை, திருப்பாவை! சிவன் பூமிக்கு வந்து தங்கிப்போகிறார், அவரையடுத்துத் திருமால் வருகிறார் என்பது ஐதிகம். நடப்பது நம் மார்கழி, தை ஒட்டிய நாட்களில். ஊஞ்சல் நின்றுபோனாலும் உள்ளே நடக்கும் பூஜை நிற்கவில்லை. ஊஞ்சலுக்கு எதிர்ச்சாரியில் வெள்ளைச் சுவருக்குள் அடக்கமாக இருக்கும் தேவஸ்தானம்தான் அரசவைப் பிராமணர்களின் கோயில். சிவனுக்கு, பிள்ளையாருக்கு, திருமாலுக்கு என மூன்று சன்னதிகள். தென்னிந்தியாவிலிருந்து போனவர்களின் வழியில் வந்த மரபு. கிரந்த எழுத்தில் காத்துவைத்த சுவடிகளிலிருந்து மாணிக்கவாசகரின் பாசுரங்களை அவர்கள் மந்திரம்போல ஓதுகிறார்கள். தலைமுறைகளில் உச்சரிப்பு உருண்டு தேய்ந்து, தமிழ்க் காதுக்குச் சட்டென்று பிடிபடாது. ஓதுகிறவர்களுக்கும் அது பேசும் மொழியாக இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது.

கோயில் எல்லா நாளும் உள்ளே விடுமென்று சொல்ல முடியாது. நான் இரண்டு தடவை போய் ஒருமுறைதான் சன்னதிக்குள் போக முடிந்தது. மூடியிருந்தாலும் பழுதில்லை, ஊஞ்சலை ஒட்டியே வாட் சுதாட். சுகோதாயிலிருந்து ஆற்றுவழியாகக் கொண்டுவந்த எட்டு மீட்டர் வெண்கல புத்தர் அங்கே. உயரமான மண்டபம், கூட்டமே இருக்காது, கல் தரை ஜில்லென்றிருக்கும். அந்த ஊரில் எனக்குப் பிடித்த இடம் எது என்று கேட்டால் இந்தத் தரையைத்தான் சொல்வேன்.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் கவனம் வேண்டும். 'மீன் போடாதீர்கள்' என்றால் மீன் துண்டைப் போடமாட்டார்கள், மீன் சாறு ஊற்றிவிடுவார்கள். 'நாம் ப்லா' என்கிற அந்தச் சாறு அவர்களுக்கு உப்பு மாதிரி, தனிப் பொருளாகவே கணக்கில் வராது. பப்பாளிக்காய் சாலடான சோம் தாமில் காய்ந்த இறாலும் சேரும். பாட் தாயிலும் அதே கதை.

மஞ்சள் துணியில் சிவப்பாக 'เจ' என்று எழுதியது போன்ற கொடி, அதாவது 'ஜே' என்ற எழுத்து தொங்கும் கடைகளைத் தேடுங்கள். வாயால் 'கின் ஜே' என்று சொல்லலாம். அசைவம், முட்டை, பால் எதுவும் இராது, வெங்காயம் பூண்டுகூடச் சேர்க்கமாட்டார்கள். நம் விரதச் சமையலுக்குக் கிட்டத்தட்டச் சரி. முட்டை சாப்பிடுகிறவர்களுக்கு 'மங்சவிராட்' என்ற சொல் போதும், ஆனால் 'மை சை நாம் ப்லா', மீன் சாறு வேண்டாம், என்று கூடவே சொல்லிவிடுங்கள். பழைய நகரத்துக்குப் பக்கத்திலேயே பாஹுராட் என்ற இந்தியக் கடைத்தெரு உண்டு. துணிக்கடைகள், குருத்வாரா, சப்பாத்தி, பருப்பு எல்லாம் அங்கே. எதுவுமே ஒத்துவரவில்லை என்றால் மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும் இருக்கவே இருக்கிறது. எங்கள் சித்தி அன்று மூன்று வேளையும் அதையே சாப்பிட்டார்.

வாட் அருணைக் காலையில் பார்ப்பதா, மாலையிலா?

மாலையில். பெயரில் இருக்கும் அருணன் சூரியனின் தேரோட்டி, விடியலுக்குரியவன். இருந்தாலும் கோபுரம் மேற்குக் கரையில் இருப்பதால் அந்திச் சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால் இறங்கும். நாலரை மணிவாக்கில் தா தியென் துறையில் படகேறுங்கள், அக்கரைக்கு ஐந்தாறு பாட்தான். சீட்டு 200 பாட். தூரத்தில் கல்வேலை போலத் தெரிவது கிட்டே போனால் உடைந்த பீங்கான் தட்டும் கிண்ணமும்! சீனத்துக் கப்பல்களில் பாரத்துக்காக ஏற்றிவந்த பீங்கான் என்கிறார்கள். பூவும் இலையுமாக அதை ஒட்டவைத்திருக்கிறார்கள். மேல்மாடங்களில் ஐராவதத்தின் மேல் இந்திரன். வாசல் காவலுக்கு இரண்டு ராட்சதர்கள். பச்சையாக நிற்பவர் காலையில் சுவரில் பார்த்த நம் தொட்சகான்தான்.

படிகள் ஏணி மாதிரி செங்குத்து. ஏறுவதைவிட இறங்குவதுதான் பயம். முட்டி வலி உள்ளவர்கள் கீழேயே சுற்றிப்பார்த்தால் போதும். ஆறு மணிக்குமுன் இக்கரைக்குத் திரும்பி, துறையருகே உட்கார்ந்து பாருங்கள். விளக்குப் போட்டதும் கோபுரம் பொன்னிறமாகிவிடும். அங்கே மாடிக் காபிக்கடைகள் பல உண்டு, முன்வரிசை மேசைக்கு ஏக போட்டி. படித்துறையில் நின்றாலும் அதே காட்சிதான், காசில்லாமல்.

எதில் சுற்றுவது மலிவு?

படகும் ரயிலும். ஆரஞ்சுக் கொடி கட்டிய விரைவுப் படகு எவ்வளவு தூரம் போனாலும் 16 பாட். படகுத்துறையில் உங்களைப் பார்த்ததும் சுற்றுலாப் படகுச் சீட்டைத்தான் நீட்டுவார்கள். அது பலமடங்கு விலை, ஆனால் உட்கார இடம் கிடைக்கும். ஆரஞ்சுக் கொடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடும் பிக்குகளோடும் நின்றுகொண்டு போக வேண்டும். எம்.ஆர்.டி. வாயிலில் வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் திறந்துவைத்த வங்கி அட்டையைத் தொட்டாலே கதவு திறக்கும். டாக்சி என்றால் மீட்டர் போடச் சொல்லுங்கள், 35 பாட்டில் தொடங்கும். மறுத்தால் இறங்கிவிடுங்கள். டுக்டுக்கில் ஒரு தடவை ஏறலாம், ஆசைக்கு. ஏறும் முன் விலை பேசிக்கொள்ளுங்கள்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்?

மூன்று பெரிய இடங்களுக்கு 1,000 பாட். போக்குவரத்து 200, சாப்பாடு 400 என்று வைத்தால் ஆளுக்கு 1,600. மசாஜ் தனி. 120 சென்டிமீட்டருக்குக் குறைவான குழந்தைகளுக்கு அரண்மனையிலும் வாட் போவிலும் சீட்டு வேண்டாம்.

சிலோம் மாரியம்மன் கோயிலுக்கும் போகலாமா?

இரவு விமானம் இல்லையென்றால் போகலாம். 1879-இல் தமிழ்நாட்டிலிருந்து குடியேறியவர்கள் கட்டியது. கோபுரம், தேங்காய், குங்குமம் எல்லாம் நம் ஊர்தான். ஆனால் வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். சாமந்தி மாலையும் தட்டுமாக அவர்கள் மண்டியிட்டு வேண்டிக்கொள்ளும் பக்தியைப் பார்த்தால் நாம் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்கத் தோன்றும். ஊர்மக்கள் இதை வாட் காயெக் என்பார்கள். காயெக் என்றால் விருந்தாளி. இந்தியர், மலாய்க்காரர் எல்லோரையும் குறிக்கும் சொல்லாகிவிட்டது. உள்ளே படமெடுக்க விடமாட்டார்கள். விஜயதசமி இரவு சுவாமி புறப்பாட்டுக்கு சிலோம் சாலையையே அடைத்துவிடுவார்கள், அன்றைக்குப் போனால் தங்கும் இடம் திரும்ப நள்ளிரவாகும்.

அந்த ஊரில் செய்யக்கூடாதது?

புத்தர் சிலைக்கு நேரே காலை நீட்டி உட்காராதீர்கள். பெண்கள் பிக்குகளைத் தொடக் கூடாது, படகில்கூட சற்றுத் தள்ளி நிற்க வேண்டும். அரச குடும்பத்தைப் பற்றி வேடிக்கையாகக்கூடப் பேசாதீர்கள், சட்டம் கடுமையானது. காலை 8-க்கும் மாலை 6-க்கும் ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வந்தால் எல்லோரும் நின்றுவிடுவார்கள், நீங்களும் நில்லுங்கள்.

மழை பிடித்துக்கொண்டால்?

ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு நின்றுவிடும். வாட் போ மண்டபமோ வாட் சுதாட்டோ பார்த்து ஒதுங்குங்கள். வாட் அருண் படியில் மட்டும் ஈரத்தில் ஏற வேண்டாம்.

இரவு விமானம். கடைசி சில மணி நேரம் எங்கே?

யாவராட், சீனக் கடைத்தெரு. சனாம் சாயிலிருந்து இரண்டாவது நிலையமான வாட் மங்கோனில் இறங்கினால் போதும். அடுப்புகளும் தங்கக்கடைகளும் நியான் பலகைகளுமாக இரவில்தான் களைகட்டும். மறுபடி நீலப் பாதையைப் பிடித்து, பேச்சாபுரியில் இறங்கி, பக்கத்து மக்கசான் நிலையத்தில் விமான நிலைய ரயிலுக்கு மாறலாம். சுவர்ணபூமி என்று பலகையில் எழுதியிருக்கும், அவர்கள் வாயில் 'சுவன்னபூம்'. சென்னை விமானம் டான் மியூயாங்கிலிருந்து கிளம்புவதும் உண்டு. அது ஊரின் வேறு மூலை. சீட்டில் எந்த நிலையம் போட்டிருக்கிறது என்று ரயிலேறும் முன் ஒருதடவை பார்த்துக்கொள்ளுங்கள்.